கக்கூஸ் வரைக்கும் நாற்பது தப்படி

போன மாதம் முதுகுவலி என்று மலாக்கா டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். என் வயதில் முதுகு வலிக்காவிட்டால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். உள்ளே இருந்தது ஒரு தமிழ்ப் பெண், இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். வலி எங்கே என்று கேட்பதற்கு முன்பே அந்தப் பிள்ளை கேட்டாள்:

"அங்கிள், யூரின் எல்லாம் நல்லா போகுதா? காலு ரெண்டும் வீக்கா இருக்கா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பயந்து எழுந்துவிட்டாள்.

"ஐயோ அங்கிள், ரொம்ப வலிக்குதா?"

"வலி இல்லம்மா. நீ இப்ப கேட்ட கேள்விய நான் ஒரு ஆளுகிட்ட எட்டு நாளு கேக்காம விட்டேன்."

வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். அவளுக்குக் கதை கேட்க நேரமில்லை. "எழுதிக் குடுங்க அங்கிள், மெதுவா படிக்கிறேன்லா" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் டிரஸராக இருந்தவன். இப்போது அந்தப் பெயர் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் டிரஸர்தான். அதற்கு டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் சில வருஷம் படித்தேன். படித்தேன் என்று கௌரவமாகச் சொல்கிறேன். பாதிக் காலம் பெட்பேன் கழுவினேன், மீதிக் காலம் கட்டுத் துணி சுருட்டினேன். பரீட்சை எழுதித் தேறியதும் நியாலாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அப்போது இருபத்துநாலு வயது. வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். கண்ணாடி முன்னால் நின்றால் டாக்டருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் மலாயாவில் அவசரகாலம் அது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாது என்று தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் கேட் திறக்கும், சாயங்காலம் மூடும். வெளியே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் சட்டைப் பையிலிருந்து பால் வாளி வரைக்கும் பார்ப்பார்கள். வேலி வருவதற்கு முன்னால் ஆண்கள் ஒதுங்க ரப்பர் காட்டுப் பக்கம் போவார்கள். வேலி வந்ததும் அது போயிற்று. லயத்தின் கடைசியில் தகரம் அடித்த கக்கூஸ் வரிசைதான் எல்லோருக்கும்.

ரேஷன் அரிசி தீட்டின வெள்ளை அரிசி. அதைத் தின்று கால் மரத்து, வீங்கி, நடக்க முடியாமல் என்னிடம் வந்தவர்கள் நிறைய. பெரிபெரி என்போம். வைட்டமின் பி ஒன் ஊசி போட்டால் எழுந்து போவார்கள். அந்த வருஷம் நான் அப்படி எழுப்பிய ஆட்கள் பலர். தோட்டத்தில் எனக்குக் கைராசி டிரஸர் என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேர் வந்த பிறகு யார் கால் தளர்ந்து வந்தாலும் என் கை தானாக அந்த ஊசி மருந்துப் பெட்டிக்குப் போய்விடும்.

வீராச்சாமி ஒரு நாள் காலை வந்தார். அறுபது வயது. முப்பது வருஷம் பால் வெட்டியவர், அப்போது புல்லு வெட்டிக்கொண்டிருந்தார். உயரமான ஆள், சிரித்த முகம்.

"காலு ரெண்டும் பஞ்சாட்டம் இருக்குதுங்கய்யா. தரையில வச்சா தரை தெரிய மாட்டேங்குது."

"வேற என்ன?"

"முதுகு வலி. ராத்திரி படுத்தாதான் ஜாஸ்தி. அப்புறம் இந்த வயித்தச் சுத்தி கயித்தப் போட்டு யாரோ இறுக்குற மாதிரி இருக்குது."

முப்பது வருஷம் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து இரண்டு பக்கமும் பால் வாளி சுமந்தவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். கயிறு விஷயத்தை நான் காதிலேயே வாங்கவில்லை. முட்டியில் தட்டிப் பார்க்கும் சின்னச் சுத்தியல் மேஜை டிராயரில் கிடந்தது. எடுக்கவில்லை. ஊசி போட்டேன். "நாளைக்கும் வாங்க" என்றேன்.

அவர் எட்டு நாள் வந்தார். முதல் நாள் தானாக நடந்து, மூன்றாம் நாள் கம்பு ஊன்றி, ஆறாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு. ஆள் இறங்கிக்கொண்டே போவது என் கண் முன்னால் நடக்கிறது. "பெரிபெரி முத்திப் போயிருக்கு, டைம் எடுக்கும்" என்று அவருக்கே ஆறுதல் சொன்னேன். ஒன்பதாம் நாள் காலை அவரால் எழுந்து நிற்க முடியவில்லை.

அன்றே தோட்டத்து மேனேஜர் துரையின் காரைக் கேட்டிருக்கலாம். பெரிபெரிக்கெல்லாம் துரை கார் கேட்பதா என்று கூச்சம். காவல் வண்டியோடு டவுனுக்குப் போகும் லாரி வெள்ளிக்கிழமைதான். இரண்டு நாள் காத்திருந்தேன். அந்த இரண்டு நாளை நான் இன்றுவரை மறந்ததில்லை.

அவர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள், மருமகள் அஞ்சலை. மகன் லாரியில் போனபோது சாலையில் சுடப்பட்டு இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ரெம்பியாவிலிருந்து அவள் அப்பா இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். "மாமாவ யாரு பாக்குறது?" என்று அவள் போகவில்லை. ஒரே அறை, நடுவில் சாக்குத் திரை. ஆனால் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். அது அவர்கள் பக்கத்து மரியாதை. "சோறு போட்டாச்சு" என்று அவள் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "சாயங்காலம் வர நேரமாகும்" என்று அவர் வாசல் தூணிடம் சொல்வார். சுவரும் தூணும் இல்லாவிட்டால் அந்த வீட்டில் பேச்சே இருந்திருக்காது.

வெள்ளிக்கிழமை மெத்தையோடு தூக்கி லாரியில் வைத்தோம். அஞ்சலை ஒரு ஓரமாக, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கேட்டில் மலாய்க்கார கான்ஸ்டபிள், சின்னப் பையன்தான், மெத்தைக்குள் அரிசி இருக்கிறதா என்று பார்க்க நீளமான இரும்புக் கம்பியால் அங்கங்கே குத்தினான். அது அவன் வேலை. எல்லா மெத்தையையும் மூட்டையையும் அப்படித்தான் குத்துவார்கள். வீராச்சாமி என்னிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், தன் வீட்டு முருங்கை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி. அந்தக் கம்பி மெத்தை விளிம்பில் வழுக்கி அவர் தொடையில் இறங்கியது. வேட்டியில் ரத்தம் வந்தது. கான்ஸ்டபிள் பதறிப்போய் "மாஃப், பாக்சிக், மாஃப்!" என்று மன்னிப்புக் கேட்டான். வீராச்சாமி பேச்சை நிறுத்தவே இல்லை. அவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்று என்னைப் பார்த்தார்.

காயத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டேன். லாரி டவுன் போய்ச் சேரும்வரை அந்தத் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டைப் பார்த்தவர் டாக்டர் கனகசபை, யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர், சத்தமே வராது. நோயாளியைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவி, துடைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்ந்த கையை நோயாளி மேல் வைத்த டிரஸர்களை அவர் பார்க்கும் பார்வை எனக்குப் படிக்கிற காலத்திலேயே பழக்கம். யாரையும் அவர் ஏசியதில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஐயா, என்ரை பெயர் கனகசபை. உங்களை ஒருக்காப் பாக்கட்டே?"

வீராச்சாமி தலையைத் திருப்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். அவரை டாக்டர் ஒருவர் ஐயா என்று கூப்பிட்டு அவர் கேட்டதில்லை.

டாக்டர் கோட் காலரின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தார். ஸ்பிரிட்டில் துடைத்தார். பாத விரலில் தொடங்கி, ஒவ்வொரு அங்குலமாக மேலே வந்தார். "இது குத்துதோ?" வீராச்சாமி "இல்லிங்க" என்றார். முட்டி, இல்லிங்க. தொடை, இல்லிங்க. தொப்புள், இல்லிங்க. தொப்புளுக்கு மூன்று விரல் மேலே ஊசி பட்டதும் "ஆ! குத்துது!" என்று துள்ளினார். டாக்டர் அந்த இடத்தில் ஊதா மருந்தைப் பஞ்சில் தொட்டு ஒரு புள்ளி வைத்தார். மறுபக்கமும் அதேபோல் வந்தார். அதே உயரத்தில் குத்தியது. இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் சேர்த்தார். வயிற்றைச் சுற்றி ஊதாக் கோடு. கயிற்றைப் போட்டு இறுக்குகிறது என்று அந்த மனிதர் பத்து நாளைக்கு முன்னால் என்னிடம் சொன்ன அதே இடம்.

அடுத்துச் சுத்தியலால் முட்டியில் லேசாகத் தட்டினார். கால் விசுக்கென்று எழும்பியது. அசைக்க முடியாத கால்!

"பெரிபெரியெண்டா இது எழும்பாது," என்றார் என்னைப் பார்க்காமலே.

பிறகு பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். பாதத்தின் வெளிஓரத்தில் குதிகாலிலிருந்து விரல்வரை மெதுவாகக் கீறினார். நம் எல்லோருக்கும் அப்படிக் கீறினால் விரல்கள் கீழே மடங்கும். வீராச்சாமியின் கட்டைவிரல் மெல்ல, மிக மெல்ல, மேலே எழுந்தது. மற்ற விரல்கள் விசிறிபோல் விரிந்தன. அவருக்கு அது தெரியவே இல்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதிக்கூட இருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். ஒரு மனிதனின் முதுகெலும்புக்குள் நடப்பதை அவன் கட்டைவிரல் எழுந்து நின்று சொல்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே அழுகையும் வந்தது. பத்து நாளும் அந்த விரல் அங்கேதான் இருந்தது, ஒரு சாவியால் கீறிக் கேட்க நான்தான் இல்லை.

"எத்தினை ஊசி போட்டனீர்?"

"எட்டு, டாக்டர்."

"மூத்திரம் போகுதோ எண்டு கேட்டனீரே?"

"இல்ல டாக்டர்."

வீராச்சாமி வேறு பக்கம் பார்த்தார். அப்போது மறைப்புத் துணிக்கு வெளியிலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. துணியைப் பார்த்துப் பேசினாள்.

"டிரசரய்யா... பத்து நாளா வேட்டி சொட்டுச் சொட்டா நனைஞ்சுகிட்டேதான் இருக்குதுங்க. நான்தான் தொவைக்கிறேன். எப்படிங்க சொல்றது? நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்."

கட்டிலில் வீராச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். மருமகளிடம் அவர் சொல்ல முடியாது. மாமனாரைப் பற்றி அவள் என்னிடம் சொல்ல முடியாது. அவர்கள் மரியாதை அவர்களுடையது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கியவன் நான் ஒருவன்தான். டாக்டர் அடிவயிற்றில் கையை வைத்தார். தொந்தி என்று நான் நினைத்திருந்தது போக வழியில்லாமல் நிறைந்து கிடந்த மூத்திரப்பை; அது வழிந்துதான் வேட்டி நனைந்தது. குழாய் போட்டதும் வந்துகொண்டே இருந்தது. பாத்திரத்தை மூன்று முறை மாற்றினோம். அவர் விட்ட பெருமூச்சில் வார்டே திரும்பிப் பார்த்தது.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஒரு துண்டு மட்டும் சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்துக் கிடந்தது. மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பியில் புற்று. அங்கிருந்து முதுகெலும்புக்குப் போய், உள்ளே ஓடும் நரம்புத் தண்டை நெருக்கிக்கொண்டிருந்தது.

"ரப்பர் குழாயிலை கால் வச்சா தண்ணி போகாது," என்றார் டாக்டர் என்னிடம். "காலை எடுத்தா போகும். கனநாள் மிதிச்சு வச்சிருந்தா குழாயே பழுதாப் போயிடும். இப்ப எந்த இடத்திலை நிக்கிறமெண்டு தெரியாது. இடக்கால் கட்டைவிரலை அசையுங்கோ எண்டு கேட்டனான். ஒரு மயிரளவு அசைச்சவர். அது ஒண்டுதான் எங்களிட்டை இருக்கிறது."

முதுகைத் திறந்து நெருக்கத்தை எடுக்கும் கைகள் அப்போது எங்கள் ஊரில் இல்லை. சிங்கப்பூருக்கு அனுப்பிக் கதிர்வீச்சு வைப்பது வழியில் ஒரு வாரத்தைத் தின்றுவிடும். ஆனால் அந்தப் புற்றுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஆணின் விதைகள் சுரக்கும் சத்தைத் தின்றுதான் அது வளரும். விதைகளை எடுத்துவிட்டால் அது பட்டினி கிடந்து சுருங்கும். டாக்டர் இதை வீராச்சாமிக்குத் தன் தமிழில் விளக்கினார். அவருக்குப் பாதி புரியவில்லை. நான் தமிழைத் தமிழில் மொழிபெயர்த்தேன். வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமான மொழிபெயர்ப்பு செய்ததில்லை.

வீராச்சாமி தன் கால்களைப் பார்த்தார். "அத எடுத்துட்டா காலு வருமாங்க?"

"வருமெண்டு சொல்ல மாட்டன், ஐயா. வரலாம்."

"உசிரு?"

"அதுவும் கொஞ்சக் காலம்தான். எவ்வளவெண்டு தெரியாது."

"உசிரு கெடக்கட்டும். பொண்டாட்டி போயி பன்னண்டு வருசமாச்சு, அத வச்சிகிட்டு நான் என்ன செய்யப் போறேன்? எடுத்துக்கங்க. எனக்குக் காலு கக்கூசு வரைக்கும் வந்தாப் போதும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு புருசனப் பறிகுடுத்துட்டு எனக்குச் சோறு போடுது. அது கையால என் பீயையும் அள்ள வச்சிட்டு நான் சாக மாட்டேன். காலு வரலன்னா அதை ரெம்பியாவுக்கு அனுப்பிடுங்க. என்னை இங்கயே போட்டுருங்க."

டாக்டர் தலையசைத்தார். "கக்கூஸ் எவ்வளவு தூரம்?"

"வாசப்படியில இருந்து நாப்பது தப்படி இருக்கும்."

நான் சிரித்துவிடுவேனோ என்று பயந்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. படுக்கைச் சீட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு பார்த்தேன்: மருந்துகளுக்குக் கீழே, இலக்கு நாற்பது தப்படி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "எட்டு ஊசி போட்டனீர். எட்டு நாள் இஞ்சை நிண்டு நீரே அவரைத் திருப்பும். உங்கடை துரையோடை நான் கதைக்கிறன்." எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்து டிரஸர் என் இடத்தைப் பார்த்துக்கொண்டார்.

திருப்புவது என்றால் சும்மா புரட்டிவிடுவது இல்லை. மரத்துப்போன உடம்பு ஒரே இடத்தில் கிடந்தால் தோல் அழுகிப் புண் வைக்கும். அந்தப் புண் புற்றைவிடச் சீக்கிரம் ஆளைக் கொன்றுவிடும். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். அடியில் மடித்துப் போட்ட விரிப்பை இறுக்கிப் பிடித்து, நோயாளியின் கைகளை மார்பில் வைக்கச் சொல்லி, தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில், உருளைக் கட்டைபோல் முழுசாக. இடுப்பு முந்தினால் முதுகெலும்பு முறுக்கிவிடும். திருப்பியதும் முதுகு, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் பார்த்து, துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துவிட வேண்டும். நானும் ஒரு வார்டு பாயும் செய்தோம். பார்க்க விடும் நேரத்தில் அஞ்சலை வராந்தா ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருப்பாள். உள்ளே வர மாட்டாள். மாமாவைப் பார்க்காமல் எங்கள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஆபரேஷன் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் காலை நான் போனபோது வீராச்சாமி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் முதுகுவலியால் உட்கார்ந்தே விடிய வைத்தவர். எழுந்ததும், "ஐயா, வலியக் காணோம்லா," என்றார், யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி. "கருவாடு கெடைக்குமா?"

ஐந்தாம் நாள் இடது கட்டைவிரல் நன்றாக மடங்கியது. ஏழாம் நாள் இடது குதிகால் படுக்கையில் இழுபட்டது. எட்டாம் நாள் முட்டி மடங்கி, கால் தானாக நின்றது, இரண்டு மூச்சு நேரம். டாக்டர் கனகசபை கட்டில் காலடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் அன்று ஒருநாள்தான் பார்த்திருக்கிறேன்.

"எத்தினை வருசமாப் பாக்கிறன்," என்றார். "ஒவ்வொரு முறையும் நம்ப ஏலாமல்தான் கிடக்குது."

எட்டு நாள் முடிந்தும் நான் ஊருக்குப் போகவில்லை. இன்னும் ஒரு வாரம் கெஞ்சி வாங்கிக்கொண்டேன். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே அவர் முதல் தடவை எழுந்து நின்றபோது அவர் அக்குளில் என் கை இருந்தது. பிடித்திருந்த பாரம் மெல்ல மெல்லக் குறைந்து, என் கை வெறுமனே இருப்பதை உணர்ந்தேன். அவர்தான் நின்றுகொண்டிருந்தார். பிறகு நான் தோட்டத்துக்குத் திரும்பி, வெள்ளிக்கிழமை லாரியில் மட்டும் போய்ப் பார்த்தேன். ஆறாவது வாரம், கம்பு ஊன்றி, வராந்தாவில் நாற்பது தப்படி. டாக்டர் கூடவே நடந்து வாய்விட்டு எண்ணினார். நாற்பது வந்ததும் வீராச்சாமி நிற்கவில்லை.

"என்ன, ஐயா, நாப்பது முடிஞ்சுதே?"

"திரும்பி வர வேணாமாங்க?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். கணக்கில் நாங்கள் எல்லோருமே திரும்பி வருவதை மறந்திருந்தோம்.

அவரைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று கேட்டில் அதே கான்ஸ்டபிள். சட்டப்படி உள்ளே வருகிறவர்களையும் இறக்கிச் சோதிக்க வேண்டும். வீராச்சாமி தானாகவே லாரியிலிருந்து இறங்கினார். கம்பை என்னிடம் கொடுத்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, எதையும் பிடிக்காமல், நேராக நின்றார். பால் வாளிகளோடு வந்துகொண்டிருந்த ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கான்ஸ்டபிள் அவர் காலையே பார்த்தான். "பாக்சிக், சூடா போலே ஜாலான்?" என்றான். நடக்க முடிகிறதா என்று கேட்கிறான். வீராச்சாமி அவனுக்கு வேட்டியைக் கொஞ்சம் விலக்கித் தொடையில் இருந்த தழும்பைக் காட்டி, "இப்ப குத்துடா பாப்போம், கத்துறேன்," என்றார். தமிழ் தெரியாவிட்டாலும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனும் சிரித்தான்.

அதன்பிறகு எல்லோரும் எழுந்தார்கள் என்று எழுதினால் அது பொய். செர்காம் பக்கத்திலிருந்து மார்பில் கட்டியை மறைத்து வைத்திருந்த ஒரு அம்மாவைக் கால் விழுந்து ஐந்தாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டைவிரலில் ஒரு மயிரளவு அசைவுகூட இல்லை. அவர் எழவே இல்லை. கொஞ்ச நாளில் போய்விட்டார். நடந்து வந்தவர்கள் பெரும்பாலும் நடந்தே போனார்கள்; தூக்கி வந்தவர்களில் ஒருவரோ இருவரோ. அதனால்தான் அடுத்த முப்பது வருஷம் முதுகுவலி என்று வந்த ஒவ்வொருவரிடமும், அவர் வேலை வாங்கும் தண்டலாக இருந்தாலும் துரையின் மனைவியாக இருந்தாலும், முதலில் அந்த வெட்கம் கெட்ட கேள்வியைக் கேட்டேன். வீட்டுப் பெண்களைத் தனியே கூப்பிட்டும் கேட்டேன். மூத்திர டிரஸர் என்று பட்டப்பேர் வைத்தார்கள். கைராசி டிரஸரைவிட அது எனக்குப் பொருத்தமான பேர்.

வீராச்சாமி பதினாலு மாதம் இருந்தார். தினமும் காலையில், கேட் திறக்கும் நேரத்தில், கையில் தகரக் குவளையோடு லயத்து ஓரமாக நடந்து போவார். என் ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து தெரியும். நான் காப்பியோடு நின்று பார்ப்பேன். சாமி கும்பிட மறந்த நாள் உண்டு, இதைப் பார்க்க மறந்ததில்லை.

பதின்மூன்றாவது மாதக் கடைசியில் வலி திரும்பியது. இந்தத் தடவை நான் அன்றே துரை காரைக் கேட்டு வாங்கினேன். டாக்டர் பார்த்தார், குண்டூசியால் கோடு போட்டார், சாவியால் கீறினார். புற்று பட்டினிக்குப் பழகிவிட்டது, இனிக் கொடுக்க ஒன்றுமில்லை என்றார். வலிக்கு மருந்து கொடுத்தார். வார்டிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னார். வீராச்சாமியும் அதைத்தான் கேட்டார். அஞ்சலைதான் வராந்தாவிலிருந்து, சுவரைப் பார்த்து, "வீட்டுக்குக் கொண்டு போகணும்," என்றாள். அவர் வீட்டுக்கே வந்தார். இரண்டு நாளில் கால் போய்விட்டது.

நான் காலையும் மாலையும் போய்த் திருப்புவேன் என்று ஏற்பாடு. அந்த வாரம் பார்த்துத் தோட்டத்தில் இரண்டு பிரசவம், ஒரு மலேரியா. சரியாகப் போக முடியவில்லை. பதினோராம் நாள்தான் நிதானமாக உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைத்தது. பயந்துகொண்டேதான் போனேன். இந்நேரம் முதுகு புண்ணாகியிருக்கும், நாற்றம் வாசலிலேயே வரும் என்று நினைத்தேன். சாக்குத் திரை கழற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அறையில் சோப்பு வாசனை. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அவரைப் புரட்டி முதுகைப் பார்த்தேன். இடுப்பெலும்பு, குதிகால், எல்லா இடமும் பார்த்தேன். ஒரு சிவப்புக்கூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரி வார்டில், மூன்று பேர் முறை போட்டுப் பார்த்தும், அப்படி ஒரு முதுகை நான் கண்டதில்லை.

"யாரு திருப்புறா?" என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தார். கண்ணோரம் நனைந்திருந்தது.

அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். சுவரைப் பார்க்கவில்லை. அவர் தலைமாட்டில் குனிந்து, விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"மாமா, இந்தப் பக்கம் திருப்பப் போறேன். கைய மாருல வச்சுக்குங்க."

அவர் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார்.

தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பின. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்கு அங்கே செய்ய ஒன்றும் இல்லை.

அவர் போன செய்தியைச் சொல்ல டவுனுக்குப் போனேன். டாக்டர் கனகசபை கையைக் கழுவிக்கொண்டிருந்தார். எத்தனை மாதம் இருந்தார் என்று அவர் கேட்கவில்லை.

"எத்தினை மாசம் நடந்தவர்?" என்றார்.

"பன்னிரண்டுக்கு மேலங்க. அப்புறம் பதினாறு நாள் படுக்கை."

"புண்?"

"இல்ல, டாக்டர். ஒண்ணுகூட இல்ல."

அவர் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆர் திருப்பினது?" என்று கேட்டார்.